மூன்றாவது குரலை நான்தான் ஒட்டினேன்

என் பெயர் பரணி. வயது இருபத்து மூன்று. இப்போது தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் முதல் மாடி வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் தோல் உரிந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே படுத்திருப்பது என் ரூம்மேட் ஜெரோம்.

வெண்ணிலா, இதை உனக்குத்தான் அனுப்புகிறேன். வேறு யாரிடமாவதும் இது போய்ச் சேரலாம் என்பதால்தான் பேரும் வயதும் சொல்லித் தொடங்கினேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நீதான் வாசித்துக் காட்ட வேண்டும். நேற்றிலிருந்து நீங்கள் போன் செய்கிறீர்கள், நான் எடுக்கவில்லை. கோபம் எதுவும் இல்லை. எடுக்கப் பயமாக இருக்கிறது. முழங்கையை மடக்கினால் எரிகிறது, நீளமாக டைப் செய்ய முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. நம் வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் தப்புத் தப்பாக அடிக்கிறது. அதனால் நியூஸ் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

பெயர் வரும் இடங்களில் மட்டும் கையால் அடிக்கிறேன். எந்தப் பெயரையும் வாயால் சொல்லமாட்டேன். நீயும் சத்தமாக வாசிக்கும்போது பெயர்களை விட்டுவிடு. 'அண்ணனோட ரூம்மேட்', 'அந்த அக்கா' என்று சொல்லிக்கொள். ஏன் என்று போகப் போகப் புரியும்.

இது நடந்தது. கனவு இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இது நடந்தது நேற்று மதியம் இரண்டு நாற்பதுக்கு. மாடியில் காயப்போட்ட துணி மொறுமொறுவென்று காய்ந்திருந்த வெயிலில்.

மறைமலை நகரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கான்ட்ராக்ட் சித்திரையோடு முடிகிறது. இதை நான் உங்களிடம் சொல்லவில்லை. அந்தக் கவலையில் தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போட்டி கண்ணில் பட்டது. வீடியோ கேம் உருவாக்கும் போட்டி. இதுவரை ஒரு கேம்கூடச் செய்யாதவர்கள் மட்டும் சேரலாம். கம்ப்யூட்டர் கோடிங் தெரிய வேண்டாம். கட்டங்களை இழுத்து ஒன்றோடு ஒன்று கோத்தால் போதும், பொம்மை நடக்கும், குதிக்கும். ஒரு வாரம் டைம். நன்றாகச் செய்தவர்களுக்கு ஒரு கேம் கம்பெனியில் பயிற்சி கிடைக்கும், பிடித்துப்போனால் வேலையும் கிடைக்கும் என்று போட்டிருந்தது. சேர்ந்துவிட்டேன்.

ஜெரோமிடம் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. ஜெரோம் காசிமேட்டுப் பையன். என் கம்பெனிதான், என் ஷிப்டுதான். அங்கிருந்து தினமும் வந்து போக முடியாது என்று இரும்புலியூரில் என்னோடு ரூம் எடுத்தவன். நான் பொம்மையை நடக்க வைக்க இரண்டு நாள் போராடினேன். பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் சொன்னான்.

"இன்னா மச்சான், உன் ஆளு நண்டு மாறி நடந்துகினு கீறான்."

அது சரிதான். கடைசிவரை அவன் நண்டு மாதிரிதான் நடந்தான்.

போட்டிக்குத் தலைப்பு கொடுத்திருந்தார்கள். 'குரல்'. அதை வைத்து எந்தக் கேமும் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை. படமும் சத்தமும் நாமே உருவாக்கியதாக இருக்க வேண்டும். வேறு யாருடையதையும் எடுத்துப் போடக் கூடாது.

வேறு யாருடையதையும்.

அந்த நிபந்தனையை நான் மீறிவிட்டேன். அப்போது எனக்கே தெரியாது.

தலைப்பைப் பார்த்ததும் அம்மா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. இருட்டும் நேரத்தில் பின்னாலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதே. இன்னொரு தடவை கூப்பிட்டாலும் திரும்பாதே. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் அது மனுஷன், அப்புறம் 'என்ன' என்று கேட்டுக்கொள். பேய்க்கு மூன்றாவது தடவை கூப்பிட வராது. நம் ஊரில் இது தெரியாத பிள்ளை கிடையாது. அப்பாவைக் கடலுக்கு எழுப்ப வருகிறவர்கூட வாசலில் நின்று பேர் சொல்லமாட்டார், கதவைத்தான் தட்டுவார்.

அதையே கேமாக்கினேன். ஒரு ஆள் இருட்டில் வீட்டுக்கு நடந்து போகிறான். பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிடும். திரும்பக் கூடாது. நடந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது தடவை கூப்பிடும். அப்போதும் திரும்பக் கூடாது. பிறகு பக்கத்தில் ஒரு ரயில் போகும். ரயில் போனதும் பதினொரு விநாடி எதுவும் கேட்காது. அந்த அமைதியை நான்தான் அளந்து வைத்தேன். பத்து வைத்தால் பயம் வரவில்லை. பன்னிரண்டு வைத்தால் சலிப்பு வந்தது. பதினொன்று சரியாக இருந்தது. பிறகு மூன்றாவது குரல். உடனே பட்டனை அழுத்தி 'என்ன' என்று பதில் சொல்ல வேண்டும். சொன்னால் வீட்டு கேட் திறக்கும். சொல்லத் தவறினால் மறுபடி முதலிலிருந்து.

மூன்றாவது குரலுக்குத் தயங்காமல் பதில் சொல்லப் பழக்குவதுதான் அந்த கேம். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

இப்போது நாங்கள் குடியிருந்த சந்து பற்றிச் சொல்ல வேண்டும்.

ரூம் இருப்பது தண்டவாளத்தை ஒட்டிய சந்தில், மாடியில். கீழே வீட்டுக்காரர்கள், காந்தா அக்காவும் அவர் கணவர் கோதண்டம் அண்ணாவும். சந்து முடிகிற இடத்தில் ரயில்வே சுவர். அதில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு உடைப்பு. பெருங்களத்தூர் பக்கம் போகிறவர்கள் பகலில் அதன் வழியாக நுழைந்து தண்டவாளம் தாண்டுவார்கள். பொழுது சாய்ந்த பிறகு யாரும் போகமாட்டார்கள்.

அந்தச் சந்தில் ஒரு வினோதப் பழக்கம். யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். கை தட்டுவார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மாக்கள் வாசலில் நின்று தட்டுவார்கள். தன் அம்மா தட்டுவது எது என்று அந்தந்தப் பிள்ளைக்குத் தெரியும், ஓடிவரும். நாங்கள் குடிவந்த புதிதில் ஜெரோம் கீழே நின்று என் பேரைச் சொல்லிக் கத்தினான். காந்தா அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தார்.

"பேர் சொல்லி கூவாதீங்கப்பா இங்க. வேணும்னா கைய தட்டு."

ஜெரோம் மாடிக்கு வந்து என்னிடம் முணுமுணுத்தான். "இன்னா, கோழியா நானு? தட்டி கூப்புட?"

சத்தம் பிடிக்காத வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டோம். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மறுநாள் கேமை அனுப்பியாக வேண்டும். படம் முடிந்தது, சத்தம் இல்லை. ஆறரை மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு சுவர் உடைப்பு வரை போனேன். ரெக்கார்டரைப் போட்டுவிட்டு அசையாமல் நின்றேன். பூச்சிச் சத்தம். எங்கோ ஒரு நாய். பின்னால் சந்தில் அம்மாக்கள் கை தட்டினார்கள். பிறகு ஒரு மின்சார ரயில் போனது. அது போன பிறகு கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பூச்சிகூட இல்லை. நல்ல சத்தம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் திரும்பி வந்தேன்.

அங்கே நின்றபோது எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

ரூமுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். பூச்சி. நாய். கைதட்டல். ரயில்.

ரயில் போன பிறகு...

"பரணி."

உரக்க இல்லை. தூரத்தில் இல்லை. போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னது போல. கொஞ்ச இடைவெளி விட்டு மறுபடியும்.

"பரணி."

அவ்வளவுதான். பிறகு என் செருப்புச் சத்தம். ரெக்கார்டிங் முடிந்தது. அது ஆண் குரலா பெண் குரலா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. தெரிந்த குரல் என்று மட்டும் தோன்றியது.

ஜெரோம்தான் பின்னால் வந்து விளையாடியிருக்கிறான் என்று முடிவு செய்தேன். அவன் பெருங்களத்தூரில் பரோட்டா வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குத்தான் வந்தான். கேட்டதற்குச் சிரித்தான். தான் கூப்பிடவே இல்லை என்றான். அவன் சிரித்ததால் அவன்தான் என்று நம்பிவிட்டேன். நம்ப வேண்டியிருந்தது. மறுநாள் கடைசி நாள். என் குரலை நானே பதிவு செய்து கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கும். இங்கே கேட்காமலே ஒரு குரல் கிடைத்திருக்கிறது, அதுவும் இவ்வளவு தெளிவாக.

ஒரே ஒரு பிரச்சினைதான். என் கேமுக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டும். ரெக்கார்டிங்கில் இருந்தது இரண்டு.

இரண்டாவதை காப்பி எடுத்தேன். ரயிலுக்கு அப்புறம் பதினொரு விநாடி தள்ளி ஒட்டினேன்.

ஒரு நிமிட வேலை.

அம்மா, நான் என்ன செய்தேன் என்று உனக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கு அப்போது புரியவில்லை.

முதலில் விளையாடியவன் ஜெரோம். ஒரே ஹெட்போன், வயர் போட்டது. இடது பக்கம் அவன் காதில், வலது பக்கம் என் காதில். முதல் குரல் வந்ததும் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"என் பேர எப்போ மச்சான் ரெக்கார்டு பண்ண?"

என் காதில் என் பேர்தான் கேட்டது.

அவன் கிண்டல் செய்கிறான் என்று நான் நினைத்தேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று அவன் நினைத்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுச் சிரித்தோம். அன்றிரவு ஜெரோம் அந்தக் கேமை விடவே இல்லை. ஐம்பது தடவையாவது விளையாடியிருப்பான். கடைசியில் திரையைப் பார்க்காமலே, கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவது குரலுக்குச் சரியாகப் பட்டனைத் தட்டினான். தட்டும்போது வாயாலும் 'இன்னா' என்று சொல்லிக்கொண்டான்.

திங்கட்கிழமை கேமை அனுப்பினேன். அன்றைக்கே அனுப்பிரியா அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது. போட்டியில் புதியவர்களுக்கு உதவி செய்கிற அக்கா அவர். சேலையூரில் இருந்துகொண்டு எல்லார் கேமையும் விளையாடிப் பார்த்துக் கருத்துச் சொல்வார். பாராட்டிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டிருந்தார்.

"பேரை எங்க இருந்து எடுக்கிறீங்க தம்பி? என் லாகின்ல அனு மட்டும்தான் இருக்கு. உங்க கேம் முழுப் பேரையும் கூப்பிடுதே?"

கேமில் கோத்த கட்டங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். என் கேம் யாருடைய பேரையும் எடுக்காது. அதற்கான கட்டத்தையே நான் கோக்கவில்லை. அதில் இருப்பது ஒரே ஒரு சவுண்ட் ஃபைல்.

மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று போட்டிப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். யார் யாரோ. கோவை, நாகர்கோவில், ஒருவர் மலேசியா. எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தார்கள்.

என் பேரைக் கூப்பிடுகிறது. எப்படிச் செய்தீர்கள்?

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. 'சிறந்த ஒலி' என் கேமுக்கு. பயிற்சிக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று அனுப்பிரியா அக்கா எழுதினார். எல்லா யோசனையும் மறந்துபோய்விட்டது. முதல் வேலையாக நம் வீட்டு குரூப்பில் லிங்கைப் போட்டேன். கால் மணி நேரத்தில் உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது, வெண்ணிலா. நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும்.

"அண்ணா, செமயா இருக்கு. ஆனா என்னை சங்குன்னு கூப்பிடுது. அதை எப்படிண்ணா பண்ணினே? அம்மாகிட்ட சொல்லச் சொன்னியா?"

அந்தப் பேர் நம் வீட்டு நான்கு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஜெரோமிடம்கூட நான் சொன்னதில்லை.



லேப்டாப்பைத் திறந்தேன். சவுண்ட் ஃபைலைத் திறந்தால் குரல் ஒரு கோடாகத் தெரியும். மேடு பள்ளமாக, மலை வரைந்த மாதிரி. இரண்டாவது குரலைத்தான் காப்பி எடுத்து மூன்றாவதாக ஒட்டினேன். அப்படியென்றால் இரண்டு கோடும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு புள்ளிகூட மாறக் கூடாது.

மாறியிருந்தது.

இரண்டாவதைவிட மூன்றாவது நீளமாக இருந்தது. கடைசியில் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. பதில் வருமா என்று காத்திருந்து கூப்பிடுகிற மாதிரி.

அது நான் ஒட்டிய குரல் இல்லை.

கேமை எடுத்துவிடுங்கள் என்று அனுப்பிரியா அக்காவுக்கு எழுதினேன். காரணம் சொல்லவில்லை. பரிசு போய்விடும் தம்பி என்றார். போகட்டும் என்றேன். உனக்கும் எழுத உட்கார்ந்தேன், வெண்ணிலா. அதற்குள் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இந்த வாரம் எங்களுக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து எழுதிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். புதன்கிழமை காலையில் வந்ததும் அப்படியே விழுந்து தூங்கிவிட்டேன்.

நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் பேப்பர் ஒட்டி வைத்திருப்போம். ரூம் இருட்டாக இருக்கும். நான் சுவரோரம். கதவுப் பக்கம் ஜெரோம். நடுவில் லேப்டாப், சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர் கேன்.

ஏன் விழித்தேன் என்று தெரியவில்லை. போனைப் பார்த்தேன். இரண்டு நாற்பது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பேப்பர் ஓரத்தில் வெயில் கத்தி மாதிரி ஒரு கோடாக விழுந்திருந்தது. கீழே யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

"ஜெரோம்."

ஜன்னலுக்குக் கீழே.

லேப்டாப் மூடியிருந்தது. ஹெட்போன் ஆணியில் தொங்கியது.

ஜெரோம் அசையவில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு பாயில் ஒட்டிக்கொண்ட மாதிரி...

"ஜெரோம்."

அதே குரல். அதே அளவு. இப்போது ஜன்னலுக்குக் கீழே இல்லை. மாடிப்படியில்.

ஒரு ரயில் வந்தது. ரூம் அதிர்ந்தது. தட்டில் ஸ்பூன் நடுங்கியது. ரயில் போனது.

அமைதி.

அந்த அமைதி எனக்குத் தெரியும். நான் அளந்து வைத்த அமைதி அது.

ஒன்று. இரண்டு. மூன்று...

அவனைக் கத்தி எழுப்பலாம். ஆனால் எப்படி? அவன் பேரைச் சொல்லித்தானே எழுப்ப வேண்டும்? நான் சொன்னால் அதுவே மூன்றாவது ஆகிவிட்டால்?

நான்கு. ஐந்து. ஆறு.

கைகளை ஊன்றி நகர்ந்தேன். தண்ணீர் கேனில் முட்டிக்கொண்டேன். அது உருண்டது.

எட்டு. ஒன்பது.

அவன் வாயைப் பொத்தக் கையை நீட்டினேன்.

பத்து.

"ஜெரோம்..."

கதவுக்கு வெளியே. கடைசியில் கொஞ்சம் மேலே ஏறியது.

என் விரல் அவன் உதட்டில் பட்டது. அதற்கு முன்னாலேயே அந்த உதடு அசைந்துவிட்டது.

"இன்னா."

தூக்கத்தில் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் வலதுகைக் கட்டைவிரல் பாயில் ஒரு தட்டுத் தட்டியது.

பட்டனைத் தட்டுகிற மாதிரி.

உடனே எழுந்தான். கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தான். வெளியே யாரும் இல்லை. வெயில் மட்டும்தான். செருப்பு போடாமல் படியில் இறங்கினான்.

பின்னால் ஓடினேன். கூப்பிட முடியவில்லை. அம்மா, நண்பன் சாகப் போகிறான் என்று தெரிந்தும் அவன் பேரை என்னால் சொல்ல முடியவில்லை. கை தட்டினேன். தட்டிக்கொண்டே ஓடினேன்.

அவன் திரும்பவில்லை.

சந்தில் ஒரு ஆள் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அவன் வேகமாகப் போகவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து போனான்.

நண்டு மாதிரி.

சுவர் உடைப்பு.

நுழைந்தான்.

ரயில் ஹார்ன்.

சட்டையைப் பிடித்தேன். கிழிந்தது. இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் விழுந்தேன்.

காற்று. சத்தம். இரும்பு.

போய்விட்டது.

ஜல்லியில் கிடந்தோம். அவன் பின்மண்டை கல்லில் மோதி ரத்தம் வந்தது. மூச்சு இருந்தது.

நினைவு இருந்ததா என்று தெரியவில்லை. வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னா... இன்னா... தோ வரேன்..."

இப்போதும் உள்ளே அதைத்தான் சொல்கிறான். தலையில் தையல் போட்டிருக்கிறார்கள். ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றும் இல்லையாம். அதிர்ச்சியில் பேசுகிறான், சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். ஆனால் அவன் தானாகப் பேசவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருப்பான். யாரோ கூப்பிட்டதுபோலச் சுவர் பக்கம் முகத்தைத் திருப்புவான். பிறகுதான் சொல்வான். காசிமேட்டிலிருந்து அவன் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பேர் சொல்லி மட்டும் கூப்பிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் கூப்பிடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் மட்டும் அவன் சும்மா இருக்கிறான்.

நேற்று மாலை காந்தா அக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தார். அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. முதலில் கேட்டது இதுதான்.

"எத்தினி தபா கூப்ட்டுச்சு?"

மூன்று என்றேன்.

"இல்லப்பா. ரெண்டுதான் கூப்டும். நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து ரெண்டேதான்."

மூன்று என்று மறுபடியும் சொன்னேன்.

அவர் கஞ்சிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தச் சந்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அது தெரியுமாம். சொன்னால் யார் குடிவருவார்கள் என்றுதான் எங்களிடம் சொல்லவில்லையாம். அது யார், எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவருக்கு அதெல்லாம் தெரியாது. அவர் மாமியாருக்கும் தெரியாதாம். அது ஒரு பேரைக் கேட்டால் பிடித்துக்கொள்ளும், அதனால் பேரை வெளியே விடமாட்டார்கள், அவ்வளவுதான்.

"அதுக்கு மூணு வராதுப்பா. வராதுன்னுதான நாங்கல்லாம் அங்க குடி கீறோம்."

நான் செய்ததைச் சொன்னேன். ரெக்கார்டு செய்தது, இரண்டாவதைக் காப்பி எடுத்தது, மூன்றாவதாக ஒட்டியது, ஊரெல்லாம் விளையாடக் கொடுத்தது. அக்கா திட்டவில்லை. எழுந்து, பாத்திரத்தை பெஞ்சில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

இன்று காலையில் கோதண்டம் அண்ணா வந்தார். எங்கள் துணிமணி, லேப்டாப் எல்லாவற்றையும் இரண்டு பைகளில் போட்டு எடுத்து வந்திருந்தார். ரூம் இனி கிடையாது. அவர்களும் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறார்கள். எதிர் வீட்டிலும் மூட்டை கட்டுகிறார்கள். இத்தனை வருஷமாக அங்கே இருந்தவர்கள். என்னால்தானே என்று கேட்டேன். நேற்று இருட்டும்போது நடந்ததை மட்டும் சொன்னார்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, பின்பக்கம் இருந்த அவரை அழைக்க வாசலில் நின்று கை தட்டியிருக்கிறார். எப்போதும்போல.

சுவர் உடைப்புப் பக்கத்திலிருந்து யாரோ திருப்பித் தட்டினார்களாம்.

அக்கா தட்டுவது போலவே.

என் ரெக்கார்டிங்கில் அந்தக் கைதட்டலும் இருக்கிறது. கேமில் பின்னணிச் சத்தமாக அதையும் சேர்த்துத்தான் போட்டேன்.

கேமை எடுத்துவிட்டதாக அனுப்பிரியா அக்கா எழுதியிருக்கிறார். அதற்குள் முந்நூறு பேருக்கு மேல் விளையாடிவிட்டார்களாம். அதில் நீ ஒருத்தி, வெண்ணிலா. நீ எத்தனை தடவை விளையாடினாய் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது குரலுக்கு உன் விரல் எவ்வளவு பழகியிருக்கிறது என்றும் தெரியாது. அதனால்தான் உனக்குப் போன் செய்யவில்லை. போனில் நான் உன்னைக் கூப்பிட்டால், அது நான்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்? நீ என்னைக் கூப்பிட்டால், எனக்கு எப்படித் தெரியும்?

நான் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் இனி யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். உன்னை யாராவது கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்கும் பதில் சொல்லாதே. என் குரலில் கூப்பிட்டாலும், அம்மா குரலில் கூப்பிட்டாலும் சொல்லாதே. கை தட்டினாலும் திரும்பாதே. அம்மா, அவளை எழுப்ப வேண்டுமானால் பக்கத்தில் போய்க் காலைத் தொட்டு எழுப்பு. பகலிலும் அப்படித்தான். அந்தக் கேமை விளையாடிய வேறு யார் இதைப் படித்தாலும் உங்களுக்கும் இதேதான்.

வெண்ணிலா, படித்து முடித்ததும் போன் செய்யாதே. குரல் அனுப்பாதே. ஒரே ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பு. நான் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். சீக்கிரம் அனுப்பு.